இத்தாலிக்காரர் மாசிலாமணி

அபிராமபுரம், சென்னை
9 ஆகஸ்ட் 1971

மாத இதழின் ஆசிரியர் சுவாமி அவர்களுக்கு,

சேசுநாதருடைய சமாதானம் தங்களோடும் தங்கள் அச்சகத்தாரோடும் இருப்பதாக. அச்சகத்தாருக்கு அது கூடுதலாகவே தேவைப்படுகிறது. இந்த மாத இதழில் 'ஆராதனை' என்பது 'ஆறாதனை' ஆகியிருக்கிறது. நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியில் இதற்கு முட்டி போட வைப்பார்கள். ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல.

நொச்சிக்குப்பத்தை அடுத்த சிற்றாலயத்தின் பீடத்துப் படத்தை அட்டையில் போட்டு, 'பெயர் தெரியாத இத்தாலிய மேதை வரைந்தது' என்று கீழே அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த மேதைக்குப் பெயர் உண்டு. மாசிலாமணி. என் தம்பி. தியாகராயநகரில் கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்தவன். உயிர்த்த ஆண்டவர் கரையில் மீன் சுட, நீங்கள் இப்போது பேதுரு என்று எழுதுகிற எங்கள் இராயப்பர் வலையோடு ஓடி வருகிறாரே, அதில் ஆண்டவருடைய அங்கியின் நீலம் ஒரு பட்டுக்கடைப் போர்டில் மிஞ்சிய எனாமல். அந்தக் கடைக்கு இத்தாலியில் கிளை கிடையாது. பின்னால் கிடப்பது கட்டுமரம், இராயப்பரின் முகமோ எங்களுக்கு மீன் கொண்டுவரும் கெங்கம்மாவின் புருஷன் அங்கமுத்துவின் முகம். "இன்னா நைனா, ஓட்ற மாரியே எம்மா நேரம் நிக்கிறது? காலு மரத்துப் பூச்சு" என்று அவன் முனகியதை நான் காதால் கேட்டவள். நேற்று கெங்கம்மாவுக்கு உங்கள் குறிப்பைப் படித்துக் காட்டினேன். கூடையை இறக்கிவிட்டு, "அய்ய, எம் புருசன் எப்பம்மா இத்தாலிக்குப் போனாரு? செங்கல்பட்டு போறதுக்கே பயந்துக்கினு கீற ஆளு!" என்றாள். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் தாங்கள்.

அவன் வரைந்துகொண்டிருந்தபோது நான் கண்டித்தேன். "ஆண்டவர் குனிந்து நெருப்பு ஊதுகிறாரா? மரியாதையாகவா இருக்கிறது?" தூரிகையை எடுக்காமலே சொன்னான்: "ஊதாம எப்படிக்கா பத்தும்? ராத்திரி முழுக்கக் கடல்ல கெடந்தவங்க, பசியோட வருவாங்க." மடத்தில் நான் சுவிசேஷத்தின் அந்த அதிகாரத்தை மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். அந்தப் பசி என் கண்ணில் படவில்லை, அவன் கண்ணில் பட்டது. அன்று முதல் அந்தப் படத்தின் முன்தான் ஜெபமாலை சொல்கிறேன். அவனிடம் இதைச் சொன்னதில்லை, தலைக்கு ஏறிவிடும்.

இப்போது அவனுக்கு மூச்சு நெஞ்சில் தங்குவதில்லை. மழைக்காலம் தாண்ட மாட்டான் என்கிறார் டாக்டர். சுவரைப் பார்த்துப் படுத்தவன் திரும்புவதில்லை, கஞ்சியைத் தொடுவதில்லை, என் சமையலைக் குறை சொல்லக்கூட வாய் திறப்பதில்லை. இந்த இதழைப் பார்த்தால் இருக்கிற மூச்சும் போய்விடும் என்று பயந்து, கெங்கம்மாவின் மீன்கூடையிலேயே போட்டு அனுப்பிவிட்டேன். ஆகவே அடுத்த இதழின் அட்டையில், அதே அளவு எழுத்தில், 'மாசிலாமணி வரைந்தது' என்று திருத்தம் வர வேண்டும். நடுவில் வருவது 'லா', 'ளா' அல்ல. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு அவன் போகட்டும்.

தங்கள் பூசைகள் குறைவின்றியும் தங்கள் பக்கங்கள் பிழையின்றியும் நடக்க தேவமாதாவை மன்றாடுகிறேன்.

இப்படிக்கு,
திருமதி ரெஜினா சவரிராயன்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை எடுக்க உள்ளே போயிருந்தேன். அதற்குள் கெங்கம்மா வந்து இதழைத் தம்பி முகத்துக்கு நேரே நீட்டிவிட்டாள். "பாரு நைனா, நீ இத்தாலிக்காரனாமே!" ஓடிப்போய்ப் பார்த்தால் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். மூச்சு வாங்க வாங்க, "அக்கா, மாசிலாமணின்னா எவன் அட்டையில போடுவான்? இப்போ மயிலாப்பூர்லேருந்துகூட ஜனங்க வந்து பாக்குறாங்களாம். ஆண்டவர் ஊதறதைப் பாத்துட்டுப் போகட்டும், விடு" என்றான். பிறகு கஞ்சி கேட்டான். குடித்துவிட்டு, உப்பு போதவில்லை என்றான்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். திருத்தம் வேண்டாம். அதே கோயில் வாசற்பக்கம் அவன் வரைந்த வியாகுல மாதா இருக்கிறாள். அவளை ஒரு பிரெஞ்சுக்காரர் வரைந்ததாகப் போடுங்கள். அடுத்த இதழிலேயே போடுங்கள், சுவாமி. அதற்கடுத்ததைப் பார்த்துச் சிரிக்க அவன் இருக்க மாட்டான்.