பெட்டிக்குள் புகுந்த சம்பந்தம்

இறந்த பின்னும் தன் மனைவி எல்லம்மாவை ஆள்வது என்று சம்பந்தம் தீர்மானித்தான். உயிரோடு இருக்கையில் ஒருநாளும் அவளை ஆண்டதில்லை என்பது அவன் நினைவுக்கு வரவில்லை. ஆசைக்குக் கண் ஏது?

எல்லாம் ஏரிக்கரை ஊரான தோணிரேவின் பஞ்சாயத்துத் தொலைக்காட்சியில் ஞாயிறுதோறும் வந்த பொம்மைப் படத்தால் வந்த வினை. அதில், சாகக் கிடந்த ராஜாவின் மனத்தை ஓர் இயந்திரத்தில் ஏற்றிவிட்டார்கள். உடல் மண்ணுக்குப் போயிற்று. இயந்திரமோ அரியணையில் அமர்ந்து நூறாண்டு உத்தரவு போட்டது.

மறுநாளே அவன் பழவேற்காட்டுக்குப் படகு விட்டான். துபாயிலிருந்து வந்திருந்த பஷீரிடம் டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கிவந்தான்.

"இன்னாய்யா இது?" என்றாள் எல்லம்மா.

"என் மனசுமே! இதுல ஏத்தப் போறேன். நான் போனாலும் இது உன்னை அதட்டும்."

வேறொருத்தி சிரித்திருப்பாள். எல்லம்மா முந்தானையால் பெட்டியைத் துடைத்தாள். "எல்லாத்தையும் கொட்டிடு சாமி. ஒண்ணையும் வுட்றாத."

மூன்று நாள் கொட்டினான். எந்தக் காற்றுக்கு எந்த வலை, குழம்புக்கு எத்தனை மிளகாய், மாமியார் வந்தால் எத்தனை நாள் தங்கலாம்... ஏரி வற்றினாலும் அவன் வாய் வற்றாது. மனத்தை ஏற்றியாயிற்று என்று ஊர் பூராவும் பீற்றிக்கொண்டான்.

நான்காம் நாள் எல்லம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "படத்துல வர்ற பெட்டி, கேட்டா பதில் சொல்லுது. இது சொன்னதையே சொல்லுது. நீ சொல்லாத சங்கதி வந்தா நான் யாரைக் கேக்கறது?"

சம்பந்தம் திகைத்தான். விஞ்ஞானம் தடுக்கி விழுந்த இடம் அது.

"நீயே முடிவு பண்ணுமே."

"பொம்பள சொன்னா ஊரு கேக்குமா? உன் வாயால சொல்லி வையி."

பெருந்தன்மை பொங்கப் பெட்டிக்குள் முழங்கினான்: "இதுல இல்லாத சங்கதிக்கு எல்லம்மா சொல்றதுதான் என் சொல்லு!"

அன்பர்களே, தன் அறிவைத் தானே மெச்சுகிறவன் சாவியைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுப் பூட்டுக்குக் காவல் இருக்கிறான்.

அந்த வாரமே சோதனை வந்தது. ஏரியில் குடும்பம் குடும்பமாக முறைவைத்து வலை கட்டுவதைப் 'பாடு' என்பார்கள். இறால் கொழிக்கும் அமாவாசைப் பாடு இம்முறை சம்பந்தத்துக்கு. வீட்டின் மழைக்கால அரிசி அதை நம்பித்தான் இருந்தது. அவனோ, "உன் மூளை யாருக்குடா வரும்!" என்று டீக்கடையில் புகழ்ந்த தெய்வசிகாமணிக்கு அதை விட்டுத்தர வாக்குக் கொடுத்துவிட்டான்.

ஊர்க்கூட்டம் கூடியது. "பாட்டை வுட்டுத் தர்றியாப்பா?" என்று கேட்டார் தலைவர் பூபதி. சம்பந்தம் கம்பீரமாக எழுந்தான். அதற்குள் கூட்டத்தின் ஓரத்திலிருந்து அவன் குரலே முழங்கியது: "இதுல இல்லாத சங்கதிக்கு எல்லம்மா சொல்றதுதான் என் சொல்லு!"

"மூணு நாள் பேச்சையும் கேட்டுட்டேன் தலைவரே," என்றாள் எல்லம்மா, பெட்டியை இடுப்பில் ஏந்தியபடி. "பாட்டை வுட்டுத் தர்றதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அப்போ என் சொல்லுதான். தர மாட்டோம்."

"அடிப்பாவி! நான்தான் உசிரோட நிக்கிறனே!"

"நிக்கிறது ஒடம்பு. மனசை ஏத்திட்டேன்னு ஊரு பூரா சொன்னது யாரு?"

பூபதி மீசையைத் தடவினார். "சொன்னியா?"

"சொன்னேன்... ஆனா..."

ஊரே கொல்லென்று சிரித்தது. பாடு எல்லம்மாவின் வீட்டுக்கே என்று தீர்ப்பாயிற்று. குடும்பத்தின் சோற்றைக் காக்க, கணவனின் கர்வத்தையே கவசமாக்கிக்கொண்டவளை நாம் வணங்காமல் இருக்க முடியுமா?

அமாவாசையன்று மாலை அவள் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவைத்தாள். வலையைத் தூக்கி அவன் தோளில் போட்டாள்.

"மனசு பத்திரமா வூட்லயே இருக்கட்டும். ஒடம்பு மட்டும் ஏரிக்குப் போயிட்டு வரட்டும்."