எலி மேடமும் அண்ணாச்சியும்

நேற்று மெட்ரோவில் பக்கத்து இருக்கைப் பெண் இன்சுலின் போட்டுக்கொண்டாள். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை அப்போதுதான் பிரித்தது போன்ற இன்சுலின் வாசனை. பெட்டி முழுக்க எலி மேடத்தின் நினைவு வந்து உட்கார்ந்துவிட்டது.

டெல்லியில் கேட்காமலே கிடைப்பது ஒன்றுதான்: சர்க்கரை வியாதிக்கு யோசனை. யோசனை சொன்ன அத்தனை பேரையும் ஓடவிட்ட ஒரே மனுஷி, எங்கள் துவாரகா குடியிருப்பின் எலி மேடம். திருநெல்வேலிக்காரர். சின்ன வயதிலிருந்தே ஊசி. தீபாவளியன்று லிஃப்டிலேயே வயிற்றில் குத்திக்கொண்டு குலாப் ஜாமூனை விழுங்குவார்.

"மேடம், கரேலா ஜூஸ் பீஜியே!" என்று பதறினார் குடியிருப்புச் செயலாளர்.

"அச்சா பையா," என்று ஹிந்தியில் தொடங்கித் தமிழில் முடித்தார் மேடம். "பாகற்காயக் குடிச்சா செத்த செல்லு எந்திரிச்சு வருமா? வந்தா சொல்லும், லேபைப் பூட்டிட்டு உம்மகூட ஜூஸ் விக்க வாரேன்!"

லேபில் அவருக்கு வேலை, சர்க்கரை வந்த எலிகளுக்கு வேறு எலியின் கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை எடுத்துச் சிறுநீரகத்தின் மேல்தோலுக்கடியில் நடுவது. வந்த செல்களை உடம்பே கொன்றுவிடும். அதனால் நடும் முன்பு அவற்றுக்குள் ஒரு மரபணுவை ஏற்றுவார்.

"பொண்ணப் புகுந்த வீட்டுக்கு வெறுங்கையோட அனுப்புவாகளா, தம்பி? நான் கேடயத்தக் குடுத்து அனுப்புதேன்."

எலி எலியாகத் தோற்று, கடைசியில் ஒன்றுக்கு மட்டும் சர்க்கரை இறங்கி, இறங்கியபடியே நின்றது. 'அண்ணாச்சி' என்று பெயர் வைத்தார். மரியாதை குறையாமல்தான் பேசுவார்.

ஆனால் அந்தத் தொழிலில் ஒரு கொடுமையான வழக்கம். செல் நட்ட சிறுநீரகத்தை வெட்டியெடுக்க வேண்டும். சர்க்கரை மறுபடி ஏறினால்தான் குணப்படுத்தியது அந்தச் செல்கள் என்று உலகம் நம்பும். வெட்டினார். ஏறியது. லேபே கைதட்டியதாம். மேடம் வீட்டுக்கு வந்து கதவை அறைந்து சாத்தினார்.

"ஜெயிச்சாச்சு தம்பி. நல்லாருந்தவுகளச் சீக்காளியாக்கி ஜெயிச்சிருக்கேன்."

வேலை முடிந்த எலியைக் கொன்றுவிடுவது அடுத்த வழக்கம். "இன்னொரு சிறுநீரகம் இருக்குல்லா? அதுல நடுவேன்!" என்று அனுமதி தரும் குழு ஒவ்வொன்றிடமும் போய்ச் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கினார்.

நான் காய்கறி வண்டியருகே நின்றபோது ஃபோனில் மேடம் அலறினார். "அண்ணாச்சிக்குச் சர்க்கரை மறுபடி எறங்கிருச்சு!" என் முகத்தைப் பார்த்து, யாருக்கு என்ன என்று விசாரித்தார் காய்கறிக்காரர். "வேண்டியவர் பிழைத்துவிட்டார்" என்றேன். கொத்தமல்லியைச் சும்மா கொடுத்தார்.

அடுத்து பெரிய விலங்குகளில் செய்து பார்க்க மேடம் வேறு ஊருக்குக் கிளம்பினார். விமான நிலைய வாசலில், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்: "மனுஷங்களுக்கு எப்பக்கா? நீங்க இருக்கும்போதே வருமா?"

பெட்டியைக் கீழே வைத்தார். என் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"வராதுன்னு எவன் சொன்னான்? அண்ணாச்சி முன்னால நிக்காவ, பின்னால நான் நிக்கேன். வரிசைய விட்டு நவுருவேனா? நீ வெயில்ல நிக்காத, வீட்டுக்குப் போ."