சுரங்கத்து ஆயிக்கு எதற்கு ஏசி?

கொஞ்ச நாளைக்கு முன்பு வரை, நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பம் வந்தால் கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டார். "தலைவலியெல்லாம் எறங்கிக்க" என்பார். பாதி பஸ் காலியாகிவிடும்.

இறங்குகிறவர்கள் அத்தனை பேரும் சங்கரலிங்க சாமியைப் பார்க்க வந்தவர்கள். முதல் ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு வந்தவர்கள், குறிஞ்சிப்பாடியில் தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள், மெயின் பஜாரில் கடையைப் பூட்டிவிட்டு வந்த பாய்மார்கள், நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டிய ஆயாமார்கள். தலைவலி சாதி மதம் பார்ப்பதில்லை. சாமியும் பார்த்ததில்லை. கட்டணமும் வாங்கியதில்லை. அதற்கு ஆளுயர உண்டியல் இருந்தது.

சாமியின் வாடகை வீட்டு உள்ளறையில், சிவப்புப் பட்டு போர்த்திய பீடத்தின் மேல் நின்றாள் சுரங்கத்து ஆயி. இரண்டு முழ உயரம். சுரங்கத்தில் நூறடி ஆழத்தில், நிலக்கரிக்கு நடுவில் தானாகவே கிடைத்தவளாம். பூமியைத் தோண்டத் தோண்ட ஆயிக்குக் கோபம். கோபம் வந்தால் தலை குனிவாள். அவள் குனிந்த மறுநாள் ஊரில் பாதிப் பேருக்கு மண்டை பிளக்கும். சாமி பரிகாரம் செய்வார். இரண்டொரு நாளில் ஆயி நிமிர்வாள். வலி போய்விடும்.

இதில் வம்பு என்னவென்றால், அது நடந்தது. மழைக்காலம் முழுக்க ஆயி குனிந்தபோதெல்லாம் ஊருக்குத் தலை வலித்தது. முழுப் பொய் சொல்கிறவனைப் பிடித்துவிடலாம். பாதி உண்மையோடு வருகிறவனைப் பிடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

படித்தவர்கள் இதற்கு விஞ்ஞான விளக்கமும் கண்டுபிடித்துவிட்டார்கள். சுரங்கத்தின் அடியில் இருக்கும் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு மேலே வராமல் இருக்க, இரவும் பகலும் பம்ப் போட்டு இறைக்கிறார்கள். நெய்வேலியில் இது பால்காரருக்கும் தெரியும். "கீழ இருக்கிற அழுத்தத்தை நாம கொறைக்கிறோம். அது வேற எங்கயாவது போவணும் இல்லியா? மண்டைக்குப் போவுது" என்று ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் கியூவில் நின்றுகொண்டே விளக்கினார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். வலித்த தலைகள் என்பதால் மெதுவாக ஆட்டினார்கள்.

அந்தக் கியூவில்தான் செந்தாமரையும் நின்றாள், மாமியார் கஸ்தூரியம்மாள் பிடித்த பிடியில். செந்தாமரைக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் கண்ட்ரோல் ரூமில் வேலை. வளையமாதேவிப் பக்கம் அவள் அப்பாவின் நிலம் சுரங்கத்துக்குப் போனதற்கு வந்த வேலை அது. இன்னும் கான்ட்ராக்ட்தான், பெர்மனென்ட் ஆகும் என்று காத்திருக்கிறாள். அவளுக்கு வருகிற தலைவலி சாதாரணமானதல்ல. ஒரு பக்கக் கண்ணுக்குள் ஆணி அடிக்கும், வெளிச்சம் ஆகாது, வாந்தி வரும்.

மூன்று தடவை சாமி கயிறு கட்டினார். மூன்று தடவையும் கயிறு இருந்தது, வலியும் இருந்தது. நான்காம் தடவை சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"பொம்பள நீ, ஆயி வயித்த அறுக்கிற எடத்துல வேல பாக்குற. கயிறு எப்படிம்மா நிக்கும்? மாசி முடியறதுக்குள்ள வேலைய வுட்டுடு. இல்லன்னா வலி கண்ணுக்கு எறங்கிடும்."

கஸ்தூரியம்மாளுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஜெயப்பிரகாஷ் நல்லவன். அம்மா பேசினால் அம்மா பக்கம் நியாயம் தெரியும், மனைவி பேசினால் மனைவி பக்கம் தெரியும், இரண்டு பேரும் பேசினால் டிவி தெரியும்.

"கண்ணு போயிட்டா என்னா பண்ணுவ தாமர? எழுதிக் குடுத்துடேன்" என்றான்.

"நெலம் போச்சு. அதுக்கு வந்த வேலையும் போவணுமாங்க?" என்றாள் செந்தாமரை. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்ட அன்று வரப்பில் அவள் அப்பா நின்ற கோலம் அவளுக்கு மறக்கவில்லை. ஒரு பொம்மை குனிந்ததற்காக அந்த வேலையைத் தூக்கிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா மாத்திரை எழுதிவிட்டு, "எந்தெந்த நாள்ல வருது, அன்னிக்கு என்ன சாப்ட்டீங்க, எவ்வளவு தூங்குனீங்கன்னு பாருங்க. சிலருக்குக் காத்தழுத்தம் சட்டுனு கொறைஞ்சாலும் வரும்" என்றார்.

வந்த நாட்களைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. தலை வலிக்கும்போதெல்லாம் செந்தாமரை தன்னோடு வேலை பார்க்கும் ருக்சானாவுக்குத்தான் வாட்ஸ்அப் அனுப்புவாள்: "மண்டை பொளக்குது, ஷிப்ட் மாத்திக்கிறியா?" ருக்சானாவும் திட்டிக்கொண்டே மாற்றிக்கொள்வாள். ஒரு வருஷத்து வலியும் தேதியோடு போனில் கிடந்தது.

காற்றழுத்தம்தான் கிடைக்கவில்லை. போனைத் திறந்தால் நாளைக்கு மழை வருமா, பத்து நாள் கழித்து வெயில் அடிக்குமா என்று எல்லாம் சொல்கிறது. போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காற்று எப்படி இருந்தது என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறது. நாளையைச் சொல்வதற்கு இந்த ஊரில் கிளி ஜோசியக்காரரிலிருந்து எத்தனையோ பேர். நடந்து முடிந்ததைச் சரியாகச் சொல்ல ஓர் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

இரண்டு பெண்களும் கேண்டீனில் டீ ஆறியது தெரியாமல் தேடினார்கள். ஓர் ஆப் பணம் கட்டு என்றது. இன்னொன்று பிரிட்டன் நாட்டு வானிலையைக் காட்டியது. கடைசியில், வானிலை நிலையங்களின் பழைய அளவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு தளம் அகப்பட்டது. நெய்வேலிக்குத் தனியாக இல்லை, கடலூருக்கு இருந்தது.

"கடலூரு காத்துதானடி இங்கயும் வருது, வுடு" என்றாள் ருக்சானா.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி அழுத்தம் இறங்கிய நாட்களில் செந்தாமரைக்குப் பெரும்பாலும் வலி வந்திருந்தது. மிச்ச நாட்களில் அழுத்தம் ஒழுங்காகத்தான் இருந்தது. அவையெல்லாம் நைட் ஷிப்ட் முடித்து, சாப்பிடாமல் படுத்த நாட்கள். ஆயியின் கோபத்தில் பாதி வங்கக் கடலிலும் பாதி செந்தாமரையின் காலி வயிற்றிலும் இருந்தது.

"அப்ப ஆயி எப்ப எப்ப குனிஞ்சான்னும் பாப்போமே" என்றாள் ருக்சானா. சாமி ஒவ்வொரு தடவையும் பக்தர்கள் குரூப்பில் போட்டோவோடு அறிவித்திருந்தார். விளம்பரம் என்று வந்துவிட்டால் தேதி தப்பாது.

ஆயி குனிந்த நாட்கள் எல்லாம் அழுத்தம் இறங்கிய நாட்கள். ஒன்றே ஒன்று மட்டும் உதைத்தது. தை வெள்ளி விளக்கு பூஜை. அன்றைக்குத்தான் ஆயி ஒரேயடியாகக் குனிந்தாள். கடலூரில் அழுத்தம் அசையவே இல்லை. மறுநாள் ஒருவருக்கும் தலை வலிக்கவும் இல்லை. வரவிருந்த வலியைச் சாமி தடுத்துவிட்டார் என்று குரூப்பில் கைகூப்பும் பொம்மைகளாக வந்து விழுந்திருந்தன.

"அன்னிக்கு அந்த ரூம்புல எத்தினி விளக்கு. வெந்துட்டோம்" என்றாள் செந்தாமரை. அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "எப்பவும் அங்க ஏசி ஓடிகினே இருக்கும் இல்ல?"

"ஆமா. ராப்பகலா. ஆயி குளிர்ச்சியில இருந்தவளாம்."

"பக்தருங்க உக்கார எடத்துல ஒரு ஃபேன் கெடையாது. பொம்மைக்கு எதுக்குடி ஏசி?"

டிப்ளமோவில் படித்தது அவளுக்கு அப்போதுதான் கைகொடுத்தது. மூடிய பாத்திரத்துக்குள் அடைபட்ட காற்று, வெளியே அழுத்தம் குறைந்தாலும் உப்பும், சூடு பட்டாலும் உப்பும். சூடு மாறாமல் ஏசி போட்டு வைத்தால் வெளிக் காற்றின் அழுத்தத்துக்கு மட்டும் அசையும். விளக்குகள் ஏசியைத் தோற்கடித்த அன்று சூட்டுக்கும் அசைந்துவிட்டது. பட்டுக்கு அடியில் அப்படி ஏதோ ஒரு பாத்திரம்தான் இருக்க வேண்டும் என்று ருக்சானாவுக்குச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. செந்தாமரை பெரிய பாத்திரத்தில் பொங்கல் வைத்து எடுத்துக்கொண்டாள். மருமகளுக்குப் பக்தி வந்துவிட்ட சந்தோஷத்தில் கஸ்தூரியம்மாள் முந்திரியைக் கூடவே போட்டிருந்தாள். ருக்சானா ஒரு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"வேலைய வுடறதுக்கு முன்னாடி ஆயிக்குப் படையல் வெக்கிறேன் சாமி. ஆயி இன்னிக்கு எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள் செந்தாமரை.

சாமி கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "நிமிர்ந்து இருக்கா. இன்னும் ஒரு வாரத்துக்கு ஒருத்தருக்கும் வலி கெடையாது. ஆயி வாக்கு."

செந்தாமரை ஆவி பறக்கும் பாத்திரத்தைப் பீடத்துப் பட்டோடு ஒட்டினாற்போல் வைத்தாள். கும்பிட்டுக்கொண்டே நின்றாள். எல்லாரும் கும்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஆயியின் தலை மெல்ல இறங்கியது.

கூட்டம் அலறியது. சாமியின் முகம் ஒரு கணம் வெளுத்து, உடனே தொழிலுக்குத் திரும்பியது. "பாத்தீங்களா. இந்தப் பொண்ணு மனசுல சந்தேகம் வெச்சிகினு படையல் வெச்சிருக்கா. ஆயி கோவிச்சிக்கினா."

"நான் சமாதானம் பண்றேன் சாமி" என்றாள் ருக்சானா. பொங்கல் பாத்திரத்தை நகர்த்திவிட்டு, கூடையிலிருந்து மீன்கடை ஐஸ்கட்டி நிறைந்த பையை எடுத்து அதே இடத்தில் சாத்தினாள். ஆயி மெதுவாக நிமிர்ந்தாள். நேராக வந்தும் நிற்காமல், அண்ணாந்து கூரையைப் பார்க்க ஆரம்பித்தாள். மறுபடி பொங்கல் வந்தது, ஆயி குனிந்தாள். மறுபடி ஐஸ் வந்தது, நிமிர்ந்தாள். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"தொடாதீங்க, பட்டைத் தொட்டா கண்ணு அவிஞ்சிடும்" என்று சாமி குறுக்கே விழுந்தார்.

கஸ்தூரியம்மாள் அவரை ஒரு கையால் ஒதுக்கினாள். கரும்புக்கட்டு தூக்கிப் பழகிய கை. "பொங்கலுக்குக் குனிஞ்சி ஐசுக்கு நிமிர்ற ஆயிய நான் எங்கயும் பாத்ததில்லடா" என்று பட்டை உருவினாள்.

உள்ளே பெரிய ஊறுகாய் பாட்டில். அதன் வாயில் இழுத்துக் கட்டிய சிவப்பு பலூன். பலூன் மேல் ஒட்டிய உறிஞ்சுகுழல். குழலின் நுனியிலிருந்து ஒரு நூல் ஆயியின் தாடைக்குப் போயிற்று. பலூன் உப்பினால் குழலின் நுனி இறங்கி நூலை இழுக்கும், ஆயி குனிவாள். நூறடி ஆழத்தில் கிடைத்தவளின் முதுகில் பண்ருட்டி பொம்மைக்கடையின் விலைச்சீட்டு அப்படியே இருந்தது.

"இது காத்தழுத்தமானி" என்றார் ஓய்வுபெற்ற இன்ஜினியர், தானே கண்டுபிடித்ததுபோல. "சயின்ஸ் எக்ஸிபிஷன்ல புள்ளைங்க செஞ்சி வெப்பாங்க." கூட்டத்தில் ஓர் அம்மா சாமியை உற்றுப் பார்த்தாள். "யோவ், பஜார்ல புராஜெக்ட் செஞ்சி குடுக்கிற கட வெச்சிருந்தவன்தான நீ? எம் பையனுக்கு எரிமல செஞ்சி குடுத்தியே, அது எரியவே இல்லியே."

சாமி கொல்லைப் பக்கமாகப் போனார். உண்டியலைத் தூக்க முடியாததால் ஆள் மட்டும் போனார். மிச்சத்தைப் போலீஸ் பார்த்துக்கொண்டது. படையல் பொங்கலைக் கூட்டம் பார்த்துக்கொண்டது.

வீட்டு வாசலுக்கு வந்ததும் கஸ்தூரியம்மாள் கேட்டாள். "அப்ப ஒன் தலவலி?"

"வரும் அத்த. கடல்ல மழ கட்னா வரும், சாப்புடாம படுத்தா வரும். மாத்திர போட்டுப்பேன். நாளைக்கு எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்."

மறுநாள் விடியும் முன்னே கஸ்தூரியம்மாள் எழுந்து நான்கு இட்லியைத் தட்டில் வைத்து மருமகள் முன்னால் நகர்த்தினாள். "துன்னுட்டுப் போ" என்றாள். சங்கரலிங்க சாமியின் எல்லாப் பரிகாரங்களையும்விட அந்த இட்லிக்குச் சக்தி அதிகம் என்பதை அந்த மாதமே செந்தாமரை தெரிந்துகொண்டாள். வேலை அவளிடமே இருக்கிறது.

இப்போது நெல்லிக்குப்பத்தில் மூட்டுவலிக்கு ஒரு சாமி வந்திருக்கிறாராம். அவருடைய ஆயி ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். மந்தாரக்குப்பம் கூட்டத்தில் பாதி அங்கே பஸ் ஏறிவிட்டதாகக் கேள்வி. போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். மூட்டு மட்டும் போனால் போதும் என்று நினைக்காமல், கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறதே, அதையும் மறக்காமல் கூட்டிக்கொண்டு போகட்டும். அதற்குத் தனி டிக்கெட் கிடையாது.