நாலு கொம்பு மோடமும் லாத்தாவின் மருதாணியும்

கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத பிறவி நான். ஓடுகிற மின்விசிறி எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காகக் கழற்றி, மறுபடி ஓட வைக்கத் தெரியாமல் முழித்தவன். (பொறியியல் படித்தது அதற்குப் பிறகுதான். அறிவு கூடவில்லை, தைரியம் கூடியது.)

என் லாத்தா, அதாவது அக்கா, ஜமீலாவின் கல்யாணத்துக்கு முந்தின நாள் இந்தக் கைகள் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

மேலப்பாளையத்தில் எங்கள் வீடு இருக்கும் முடுக்குச் சந்து மிகக் குறுகல். எதிர்வீட்டில் தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். கைப்பேசி சிக்னல் மாடிக்குப் போனால்தான் கிடைக்கும், அதுவும் பேச மட்டும்தான் போதும். ஆகவே இன்டர்நெட் என்றால் கம்பெனிக்காரன் சுவரில் மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டி ஒன்றுதான். அதை நம்பித்தான் கல்யாணமே இருந்தது. மூத்தவர் சாகுல் காக்கா சவூதியில், தம்மாமில் வேலை செய்கிறார். வாப்பா போன பிறகு குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய அண்ணன் அவர். கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் பிள்ளையை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவேன் என்று உம்மா சொல்லியிருந்தாள். கூடத்து டிவியில் காக்காவைக் கொண்டுவரும் பொறுப்பு எனக்கு.

வெள்ளைப் பெட்டியில் படம் அவ்வப்போது உறைந்து நிற்கும். கம்பெனி கொடுக்கும் மட்டமான பெட்டியை நம்பாதே, சொந்த மோடம் வாங்கு என்று இணையத்தில் ஒரு மகான் பேசியதைக் கேட்டேன். வாங்கினேன். கறுப்பு நிறம், நாலு கொம்பு. அதைப் பார்த்த உம்மா, கடிக்குமா என்று கேட்டாள்.

சனிக்கிழமை மதியம் லாத்தாவுக்கு மருதாணி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் வெள்ளைப் பெட்டியைக் கழற்றி, ஒயரைக் கறுப்பு மோடத்தில் சொருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அரை மணி நேரம் அதைத் தட்டிக்கொடுத்தும் சிவப்பு மாறவில்லை. சரி, பழையதையே மாட்டுவோம் என்று மாட்டினேன். (இங்கேதான் என் மேதைமை.) மாட்டுவதற்கு முன், அதே மகான் சொன்னபடி, ஊக்கை விட்டுப் பின்பக்க ரீசெட் ஓட்டையில் ஒரு குத்துக் குத்தினேன். பெட்டிக்குத் தன் பெயர்கூட மறந்து போனது. இப்போது இரண்டிலும் சிவப்பு.

 உம்மா டிவிக்கு முன்னால் போய் நின்று அதன் இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

லாத்தா என்னைக் கூப்பிட்டாள். முழங்கை வரை ஈர மருதாணி. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதையும் தொட முடியாது. மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்டக்கூட ஆள் வேண்டும். நடந்ததைச் சொன்னேன். இன்னொருத்தியாக இருந்தால் அழுது கண்மையைக் கரைத்திருப்பாள். அவள் என்னை மாடிக்குப் போய்க் கம்பெனிக்குப் போன் போடச் சொன்னாள்.

அங்கே பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். அவர்கள் கொடுத்த பெட்டியின் எண் மட்டுமே அவர்களிடம் பதிவாகி இருக்குமாம். சொந்த மோடம் தாராளமாக வைத்துக்கொள்ளலாமாம், ஆனால் முன்கூட்டிச் சொல்லிப் பதிந்திருக்க வேண்டுமாம். குத்துப்பட்ட பெட்டியைச் சரிசெய்ய ஆள் நேரில் வர வேண்டும். ஆள் நாங்குநேரியில் அறுந்த லைனைக் கட்டிக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை வருவார். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை.

கீழே வந்து சொன்னேன். லாத்தா மூலையில் கிடந்த கறுப்பு மோடத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ஏலே, அந்த நாலு கொம்புக்கு வேற வீட்டுல இருந்து ஒயர் வழியா இன்டர்நெட் குடுத்தா, அது நம்ம வீட்டுல பரப்புமா பரப்பாதா?"

"பரப்பும், லாத்தா."

"அப்ப அதுக்குக் கம்பெனி எதுக்குலே?"

எனக்கு இது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஒயர் எட்டக்கூடிய ஒரே வீடு எதிர்வீடு. மழைத்தண்ணீர் யார் வாசலில் விழுவது என்று சண்டை வந்து, கதீஜா மாமி வீட்டாரும் நாங்களும் பேச்சை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு அழைக்கக்கூட இல்லை.

லாத்தா எழுந்தாள். நீட்டிய கைகள் நீட்டியபடியே ஜன்னலுக்குப் போனாள். எதிர் ஜன்னலில் மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமி, நாளைக்கு எனக்கு நிக்காஹ். ஒங்களை வந்து கூப்பிடாதது எங்க தப்பு. வாசல் வரைக்கும் வர முடியாம இப்ப இங்கன நின்னு கூப்பிடுதேன். காக்கா தம்மாம்ல இருந்து பாக்கணும். ஒங்க வீட்டு இன்டர்நெட்டை ஒரு நாளைக்குத் தருவியளா?"

மாமியின் சுளகு நின்றது.  மாமி ஜன்னலோரம் வந்து லாத்தாவின் கைகளை எட்டிப் பார்த்தார்.

"கையைத் திருப்பு புள்ள."

லாத்தா திருப்பிக் காட்டினாள்.

"நல்லா செவக்கும்," என்றார் மாமி. உள்ளே திரும்பி மாமாவைக் கூப்பிட்டார்.

கல்லூரியில் வாங்கிப் பரணில் போட்டிருந்த நீள ஒயரை ஜன்னல் விட்டு ஜன்னல் வீசினேன். மூன்றாவது வீச்சில் மாமா பிடித்தார். லாத்தா பக்கத்தில் நின்று, பைய இழு, அங்கன கட்டு என்று வாயாலேயே வேலையை முடித்தாள். மோடத்தில் இரண்டு அமைப்புகளை மாற்ற வேண்டியிருந்தது. (அவளிடம் அனுமதி கேட்டுத்தான் மாற்றினேன்.) பச்சை விளக்கு வந்தது.

மறுநாள் டிவியில் சாகுல் காக்கா புதுச் சட்டையோடு வந்தார். அறைத் தோழர்கள் நாலு பேர் அவரைச் சுற்றி விருந்தாளிகள்போல உட்கார்ந்திருந்தார்கள். நிக்காஹ் முடிந்ததும் காக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். உம்மா திரையில் அவர் கன்னத்தைத் தடவினாள். முன்வரிசையில் கதீஜா மாமி. படம் ஒரு முறைகூட உறையவில்லை. அதற்குக் காரணம் என் மோடம் என்பது என் கட்சி. அந்தக் கட்சியில் இன்றுவரை நான் ஒருவன்தான்.

அடுத்த வருஷம் காக்கா லீவில் வந்தபோது ஒரு புது வாஷிங் மெஷின் வாங்கினார். பெட்டியைப் பிரிக்கும் முன் லாத்தாவைக் கூப்பிட்டு, "மொதல்ல இவன் ரெண்டு கையிலயும் மருதாணியப் போடு" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவள் மருதாணிக் கோனோடுதான் வந்திருந்தாள்.

இப்போதும் வீட்டுக்குப் புதுச் சாமான் எது வந்தாலும் அதுதான் வழக்கம். அலுவலகத்தில் என் சிவந்த உள்ளங்கைகளைப் பார்ப்பவர்கள், யாருக்குக் கல்யாணம் என்று கேட்கிறார்கள். மிக்ஸி வாங்கியிருக்கிறோம் என்கிறேன்.