விடுதிக்கு வாங்கிய தகரப் பெட்டி

சீர்காழியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற மதிப்பிற்குரிய மச்சான் தியாகேசன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கை வீட்டுக்காரன் துரைராசு பணிவுடன் எழுதுவது. இங்கு நான், உங்கள் தங்கை பிரகதாம்பாள், மகள் மங்களம், சினைமாடு உட்பட யாவரும் சுகம். அங்கு அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

தாங்கள் இடம் பிடித்துக் கொடுத்தபடி மங்களத்தை வெள்ளிக்கிழமை விடுதியில் கொண்டுவந்து சேர்க்கிறேன். தகரப் பெட்டியும் வாங்கியாகிவிட்டது. கண்டிப்பு இருந்தால் பிள்ளை அடங்கிவிடும் என்றீர்கள். தங்களை எதிர்த்துப் பேச இந்தக் குடும்பத்தில் யாருக்குத் தைரியம்? ஆனாலும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாலாம் வகுப்பு ஹமீதா பானு டீச்சர் எங்களைக் கூப்பிட்டு விட்டாங்க. புள்ள ஒரு இடத்தில் உட்காருவதில்லை, கேள்வியை முடிக்குமுன் பதில் சொல்லுது, கணக்கைப் பாதியில் விட்டுட்டு ஜன்னலைப் பார்க்குது, பென்சிலா தொலைக்குது, இது வெறும் குறும்பாத் தெரியலை, தஞ்சாவூரில் குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க என்றாங்க. போனோம். டாக்டரம்மா பொறுமையா விசாரிச்சாங்க. பள்ளிக்கூடத்தில் மட்டுமா, வீட்டிலுமா, ரொம்ப நாளாவா, நல்லாத் தூங்குதா, கண்ணு காது சரியா இருக்கா. சொன்ன வேலையை மறந்துடுமா என்று கேட்டப்ப உங்க தங்கை என்னைப் பார்த்தா. பொருளைத் தொலைக்குமா என்றப்பவும் என்னைத்தான் பார்த்தா. நான் சுவத்துப் பல்லியைப் பார்த்துக்கிட்டிருந்தேன். கவனக் குறைபாடா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அவசரப்பட்டுப் பேர் வைக்க வேண்டாம், வளர்ப்புக் குத்தமும் இல்லை, அடிக்காம கவனிச்சுப் பார்த்துட்டு மறுபடி வாங்க என்று அனுப்பினாங்க.

கவனிக்க ஆரம்பிச்சேன். அன்னைக்கு நம்ம வயலுக்கு முறைத் தண்ணி. வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டுத் திரும்பினா, இலவச டிவிக்கு டோக்கன் குடுக்கிறாங்கன்னு டீக்கடை ஐயாவு சொன்னான், வரிசையில போய் நின்னுட்டேன். பாதியில மடை ஞாபகம் வந்து, கூட நின்ன மங்களத்தை ஓடிப் போய் மூடச் சொன்னேன். அது போச்சு, மூடலை, ஒரு நண்டுக்குப் பின்னால போயிருச்சு. பதறி ஓடிவந்து பார்த்தா, அஞ்சு நிமிஷம் உட்காராத புள்ள வரப்பில் குப்புறப் படுத்து அசையாமக் கிடக்கு. பக்கத்துல செல்லதுரையும் குப்புறக் கிடக்கிறார். யாரு, வரப்பை வெட்டி என் தண்ணியைத் திருடுறார்னு நான் கோர்ட்டுக்கு இழுத்திருக்கிற அதே பங்காளி. "பெரியப்பா, நண்டு வளை எங்க பக்கம் ஆரம்பிச்சு ஒங்க பக்கம் முடியுது பாருங்க"ன்னு மங்களம் காட்டுது, என் தண்ணி அந்த வளை வழியா அவர் வயலில் குபுகுபுன்னு வருது. "துரைராசு, அடுத்த வாய்தாவுக்கு நண்டத்தான் கூட்டிக்கிட்டுப் போவணும்" என்றார் செல்லதுரை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சோம், சேத்தை அள்ளி வளையை அடைச்சோம். மடையை மூட அப்பவும் மறந்துட்டோம்.

இருந்தாலும் தங்கள் வார்த்தையை மீற மாட்டேன். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறோம். பெரியவர்களுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு என் ஆசியும் சொல்லவும்.

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
துரைராசு

பி.கு.: மேலே எழுதினதை விட்டுடுங்க மச்சான். வெள்ளிக்கிழமை வந்து போயே போச்சு. தபாலில் போட இந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வச்சவன் அப்படியே மறந்துட்டேன். துவைக்க எடுத்த உங்க தங்கை பிரிச்சுப் படிச்சுட்டா. "விடுதியில ரெண்டு இடம் இருக்கான்னு அண்ணனக் கேளுங்க, உங்களயும் சேத்தே விட்டுட்டு வந்துடுறேன்" என்றா. சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கிருச்சு. சின்ன வயசில் நான் வாங்காத அடியா? அதுல நான் ஒண்ணும் அடங்கலை, என் புள்ளைக்கு அது வேண்டாம். மங்களம் விடுதிக்கு வராது. டாக்டரம்மாகிட்ட மறுபடி போறோம், இந்தத் தடவை நானும் காட்டிக்கிறேன். அந்த இடத்தை வேற புள்ளைக்குக் குடுத்துடுங்க. பெட்டியை மட்டும் கேட்காதீங்க, உள்ளே நண்டு இருக்கு.