ஊமைப்படத்துக்குத் தொண்டை கட்டிய நாள்

காட்டூரிலிருந்து துவாக்குடி வரை எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தாலும், மாமனார் வருவதற்குள் வந்து நின்றுவிடுவார் ஊமைப்படம். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கக்கத்தில் லேப்டாப். அதற்குள் நூறு வருஷத்துக்கு முந்தைய பேசாத குட்டிப் படங்கள், எல்லாம் வெள்ளைக்காரன் எடுத்தவை. குடிகாரக் கணவன் குழந்தையின் கண்ணீரைக் கண்டு திருந்துவான். சந்தேகப்பட்ட மனைவி கடைசியில் அசடு வழிவாள். முடிவில் எழுத்தில் ஒரு நீதி வரும். படம் பேசாது என்பதால் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் இவரே பேசுவார். அந்த மீசைக்குள்ளிருந்து ஒரு பெண் விசும்புவதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பாதிப் படத்திலேயே தம்பதிகள் சமாதானமாகிவிடுவார்கள். அவரை வெளியே அனுப்ப வேறு வழி கிடையாது.

ஒருமுறை, காபிகூடக் குடிக்காத வாத்தியார் வீட்டில் குடிகாரன் படத்தைப் போட்டுவிட்டார். அந்த அம்மாள் ஒரு வாரம் வாத்தியாரின் வாயை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். சென்னைக்கு மாற்றல் கேட்டு, அது கிடைத்தும்விட்ட பிறகுதான் நான் என் மனைவி ஜெயாவிடம் சொன்னேன். எட்டு நாள் பேச்சே இல்லை. ஒன்பதாம் நாள் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டிவிட்டாள். திரும்பி வரமாட்டாளோ என்று பயந்து அந்தப் பெட்டியையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

அன்று பார்த்து ஊமைப்படத்துக்குத் தொண்டை கட்டியிருந்தது. திரையில் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் கப்பலுக்கு டிக்கெட் வாங்கி வந்து நிற்கிறான். மனைவி வாயசைக்கிறாள். நம்மவர் தொண்டையைத் தொட்டுக் காட்டி, நீங்களே பேசுங்கள் என்று எங்கள் பக்கம் கையை நீட்டினார்.

ஜெயா, திரையைப் பார்த்தபடியே, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு," என்றேன், கப்பல்காரனுக்காக.

"சொல்லியிருக்க மாட்டேன். கேட்டிருக்கலாம்ல."

அதற்குமேல் கப்பல்காரனுக்காக என்னால் பேச முடியவில்லை. திரையை விட்டு அவள் பக்கம் திரும்பி, என் தப்புதான் என்று ஒப்புக்கொண்டேன்.

முடிவில் ஆங்கிலத்தில் நீதி வந்தது. கணவன் போகும் இடம்தான் மனைவிக்கு வீடு என்றது. ஊமைப்படம் படாரென்று லேப்டாப்பை மூடினார்.

"அந்த வரி மட்டும் தப்புங்க," என்றார், மிச்சமிருந்த குரலில். "அதை நான் யாருக்கும் படிச்சுக் காட்டுறதில்ல."

பெட்டி பரணுக்குப் போனது. ஜெயா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் வருஷப் பரீட்சை முடிந்த பிறகு, இருவரும் சேர்ந்தே சென்னைக்கு வந்தோம். இப்போதும் அவர் போன் செய்தால், வீட்டில் சண்டை ஏதாவது உண்டா என்று ஆசையாகத்தான் கேட்பார். அந்த மனுஷன் ஒரு தடவை வந்துவிட்டுப் போகட்டுமே என்று, இல்லாத சண்டையை ஜெயாவும் நானும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.