சாவி போட்டாச்சு என்று நான் சொன்னது

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மனைவியும் நலம், பேத்திக்குச் சளி குறைந்துவிட்டது. போன ஊரில் நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, டயர் வாங்கும் வேலையும் நல்லபடியாக முடிய வேண்டும். நலமாக இல்லாதது உங்கள் பட்டறையில் கட்டுகிற குவாரிக்காரரின் வண்டி ஒன்றுதான். அதைப் பற்றி முந்தாநாள் போனில் நான் சொன்னதில் சொல்லுக்குச் சொல் உண்மை, மொத்தமும் பொய்.

கல்லிலும் சரிவிலும் ஏற வேண்டிய அந்த வண்டியில், செயின் ஓடும் பல்சக்கரத்தைப் பின் ஆக்சிலோடு எப்படிப் பிணைப்பது என்று நீங்களும் ஃபிட்டரும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டீர்கள். வெல்டிங் வைத்தால் பிறகு கழற்ற முடியாது என்றார் அவர். ஆக்சிலில் சுற்றிலும் பல் வெட்டினால் நாள் பிடிக்கும் என்றீர்கள் நீங்கள். கடைசியில் சாவி போடுவது என்று முடிவானது. நான் தேநீர் டம்ளரோடு நின்று பலமாகத் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த சாவி பூட்டைத் திறக்கும் அல்லது வண்டியைக் கிளப்பும். ஆக்சிலிலும் பல்சக்கரத்திலும் பள்ளம் வெட்டி, ஒன்றில்லாமல் மற்றது சுற்றாதபடி நடுவே இறுக்கி அடிக்கிற இரும்புத் துண்டுக்கும் அதே பெயர் என்பது எனக்குத் தெரியாது. முப்பது வருடம் அச்சகத்தில் அடுத்தவர் எழுத்தில் பிழை பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

செவ்வாய்க்கிழமை மதியம், அந்தத் துண்டை இன்னும் கொஞ்சம் அரத்தால் ராவ வேண்டியிருந்ததால், ஃபிட்டர் பல்சக்கரத்தை ஒரு சின்ன திருகாணியில் சும்மா நிறுத்திவிட்டு, கரும்பலகையில் ‘சாவி பாக்கி’ என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் படித்தேன். டிராயரிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து வண்டியில் செருகினேன், பலகையில் அந்த வரியைத் துடைத்தேன். துடைத்ததோடு விட்டேனா, ‘முடிந்தது’ என்று எழுதி ஒரு டிக்கும் போட்டேன். அந்த நேரம் பார்த்தா குவாரிக்காரர் வந்து நிற்க வேண்டும். ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். சாவி போட்டாச்சு என்றேன், என்னமோ நானே வண்டி கட்டியவன் மாதிரி. பின்பக்க மண்மேட்டில் பாதி ஏறினார், திருகாணி அறுந்தது, எஞ்சின் அலறியது, பல்சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றியது, ஆக்சில் எனக்கென்ன என்று இருந்தது. அவர் பிரேக்கைத் தேடுவதற்குள் வண்டி சாவகாசமாகப் பின்னால் இறங்கி அவரோடு சேற்றுக்குட்டையில் உட்கார்ந்தது. அடி ஒன்றுமில்லை. ஆனால் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.

வண்டி குட்டையில் இறங்கியதைக் கேள்விப்பட்டு நீங்கள் போன் செய்து, ஃபிட்டர் வேலையை முடித்தாரா என்று கேட்டீர்கள். முடிந்தது என்று பலகையில் இருந்தது என்றேன். பிழையில்லாத வாக்கியம். அப்படியானால் நாளையிலிருந்து அவர் வர வேண்டாம் என்றீர்கள். அதை அவரிடம் போய்ச் சொன்னவனும் நான்தான். அவர் பலகையைப் பார்த்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். ராவி முடித்த இரும்புத் துண்டை உங்கள் மேஜையில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

நேற்று, நடந்துவிட்டு வருகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

“நீங்க ஏன் மாப்பிள்ளைகிட்ட உண்மையைச் சொல்லல?” என்று கேட்டேன்.

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேங்க,” என்றார்.

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கின சொம்பைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. அறுபத்தேழு வயதில் இவ்வளவு வெட்கம் உடம்புக்கு ஆகாது.

ஆகவே அவரை உடனே திரும்பக் கூப்பிடுங்கள். குவாரிக்காரரிடம் நானே போய்ச் சொல்கிறேன், சட்டையையும் வெளுத்துக் கொடுக்கிறேன். என்னைப் பட்டறைப் பக்கமே விடாதீர்கள், விட்டாலும் சாக்பீஸை ஒளித்துவையுங்கள்.

கை கால் சுகத்தோடும் தொழில் விருத்தியோடும் நீங்கள் நெடுநாள் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்

பி.கு.: கையெழுத்துப் போட்டு மை காயவில்லை, நீங்களே போன் செய்தீர்கள். “ஃபிட்டர் விஷயத்துல அவசரப்பட்டுட்டேனோ மாமா?” என்று கேட்டீர்கள். “சரியாத்தான் செஞ்சீங்க மாப்பிள்ளை,” என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது, நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். போனில் பேசியவனை நம்ப வேண்டாம். இதைத் தபாலில் போடுவேன் என்றும் எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. அதனால் உறையை ஒட்டாமல் ஃபிட்டர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். நாளைக் காலை ஊர் வந்துவிடுவதாகப் போனில் சொன்னீர்களே, நீங்கள் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது அவர் நிற்பார், அவர் முன்னாலேயே படியுங்கள்.